உயர்த்தி வைத்த கால்

என் மனைவியின் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத்தில், ஒரு புண் இருந்தது. முதலில் மிளகளவு. பிறகு ஒரு ரூபாய்க் காசளவு. பிறகு அவளுடைய உள்ளங்கையில் பாதி. சுற்றியிருந்த தோல் கறுத்து, மரப்பட்டை போல இறுகிப் போயிருந்தது. சாயங்காலமானால் பாதம் வீங்கிவிடும். கொலுசைக் கழற்றி வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தப் புண் ஆறாமல் இருந்ததற்கு நோய் பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

திண்டுக்கல்லில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பிறகும் சரி, காலையிலும் மாலையிலும் வீட்டில் டியூசன் எடுத்தேன். எங்கள் வீட்டில் கூடம் ஒன்றுதான் பெரிய இடம். அதில் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் நாற்காலியில். என் மனைவி அடுப்படியில். வீடு கட்டும்போது நின்றுகொண்டே சமைக்கிற மேடை வேண்டும் என்று நான்தான் கொத்தனாரிடம் சொன்னேன், அது நாகரிகம் என்று நினைத்து. அந்த அடுப்படியில் ஒரு முக்காலி போடக்கூட இடம் கிடையாது. டியூசன் முடியும்வரை அவள் அங்கேயே நிற்பாள். முடிந்த பிறகும் நான் கூடத்தில் இருந்தால் உட்கார மாட்டாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றபடியே பேசுவாள். புருசன் முன்னால் நாற்காலியில் உட்காராத பழக்கம் அது. அவள் பிறந்த சாணார்பட்டிப் பக்கத்து ஊரிலும் அப்படித்தான், எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான். "நில்" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "உட்கார்" என்றும் சொன்னதில்லை.

திரவ அழுத்தம் என்ற பாடத்துக்கு நான் ஆண்டுதோறும் ஒரு தகர டப்பாவை வகுப்புக்குக் கொண்டு போவேன். மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டைகள். தண்ணீர் ஊற்றினால் கீழ் ஓட்டையிலிருந்து பீய்ச்சுவதுதான் தூரமாகப் போகும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று கரும்பலகையில் எழுதுவேன். நாள் முழுதும் நின்றுகொண்டிருக்கும் ஒருத்தியின் கணுக்காலில் எவ்வளவு உயரத்து ரத்தம் அழுத்திக்கொண்டிருக்கும் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் நரம்பு புடைத்து நெளிந்து ஓடியதை நான் பார்க்காமல் இல்லை. வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புண் வந்ததும் மருந்துக்கடையில் நானே களிம்பு வாங்கினேன். படித்தவன் என்பதால் எனக்கு மருந்துப் பெயர்கள் தெரியும். ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று. ஆறுவது போல மேலே ஒரு பொருக்கு கட்டும், பத்து நாளில் மறுபடி கசியும். கடைசியில் ஊரில் இருந்த ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் அவளை நிற்க வைத்துப் பார்த்தார். பக்கத்து அறையில் கட்டுப் போட அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். இது தோல் நோய் இல்லை, நரம்புச் சுருட்டல், ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறது, அந்தச் சிரையை ஆபரேசன் செய்து எடுத்தால்தான் புண் ஆறும், பிறகு சில வாரம் ஓய்வு வேண்டும், அதிக நேரம் நிற்கவே கூடாது. தெளிவாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லை. களிம்பு போட்டாப் போதுமாம்."

இதை ஏன் சொன்னேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு நிறையப் பிள்ளைகள். அவள் படுத்துவிட்டால் யார் சோறாக்குவது, பிள்ளைகளுக்கு யார் டீ போடுவது என்றுதான் அந்த நேரத்தில் மனதில் ஓடியது. பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம். பரீட்சை முடிந்தது. அடுத்த பரீட்சையும் வந்து முடிந்தது. சொல்ல வேண்டிய நாள் தள்ளிப் போகப் போக, சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டு வருசம் அப்படிப் போனது.

பிறகு ஒரு நாள் எங்கள் தெருவில் இருக்கும் பாய் தன் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பேகம்பூர்ப் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, அடுப்படி வாசலில் நின்ற என் மனைவியின் காலைப் பார்த்தார்.

"அக்கா, ஏன் கால மாத்தி மாத்தி நிக்கிறீக? கடுக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய். வயசாயிருச்சுல்ல."

"வயசு இல்லக்கா. இது அடுப்புக்காரங்க வியாதி. இங்க பாருங்க." கைலியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் வெளுத்த தழும்பு ஒன்று மட்டும் இருந்தது. "இந்த எடத்துல குழியா இருந்துச்சு. சட்டிகிட்ட நின்னு நின்னு வந்தது. லேசர் வச்சாங்க. காலையில போனேன், மத்தியானம் வீட்டுல வந்து சோறு தின்னேன்."

"லேசருன்னா? பிள்ளைக செவத்துல அடிச்சு வெளயாடுமே செவப்பு லைட்டு, அதா?"

"அதேதான்னு நெனைக்கிறேன். வாத்தியாரக் கேளுங்க."

யாரும் கேட்காமலே நான் ஆரம்பித்துவிட்டேன். ஒளி எல்லாத் திசையிலும் சிதறாமல் ஒரே அலைநீளத்தில், ஒரே கட்டத்தில், ஒரே திசையில் போகும் என்றெல்லாம் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நீங்க சொன்னது எனக்கு வெளங்கல. ஆனா காலு நல்லாயிருச்சு" என்றார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவர் போன பிறகு கேட்டாள். "ஏங்க, அந்த டாக்டரு லேசருன்னு ஏதும் சொல்லலையா?"

"அப்ப அதெல்லாம் இங்க வரலை."

முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

ஆனால் பாய் முன்னால் அவள் சிரித்த சிரிப்பில் ஒரு ஆசை இருந்ததைப் பார்த்துவிட்டேன். பிறகு தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் டாக்டரம்மா ஒருவரின் பெயரைப் பாய் சொல்லியிருந்தார். அந்த வாரமே போனோம்.

டாக்டரம்மாவுக்கு என் பழைய மாணவிகளின் வயது இருக்கும். என் மனைவியை ஒரு சிறிய மேடைமேல் ஏறி நிற்கச் சொன்னார். தொடையில் வழவழப்பான பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். கெண்டைக்காலை ஒரு கையால் பிசைந்தார். திரையில் ஒரு குழாய் நீலமாக மின்னியது. கையை விட்டார். அதே குழாய் சிவப்பாகி, சிவப்பாகவே நின்றது.

"பாத்தீங்களாம்மா? பிசையும்போது ரத்தம் மேல போகுது. விட்டதும் திரும்பக் கீழயே வருது. உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும், வால்வு. அது மூடல."

என் மனைவி மேடைமேல் நின்றபடியே கேட்டாள். "கெணத்து மோட்டாருல ஃபுட்வால்வு போயிட்டா தண்ணி கீழ எறங்கிருமே, அது மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்" என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு புண்ணைப் பிரித்துப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. "இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் காட்டலையா? யாரும் நரம்புப் பிரச்சினைன்னு சொல்லலையா?"

"காட்டுனோம். களிம்பு போடச் சொன்னாருங்கம்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இன்னும் விட்டால் புண் ஆழமாகும், சீழ் பிடித்தால் காலுக்கே ஆபத்தாகலாம் என்றார். கெட்டுப்போன சிரையை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, உள்ளே லேசரை விட்டு அதை மூடிவிடலாம். ரத்தம் நல்ல சிரைகள் வழியாகத் தானே மேலே போகும். "ஆனா லேசர் பாதி வேலைதான்மா. மீதி உங்க கையிலதான். காலுல இறுக்கமா உறை போடணும், நடக்கணும், மத்த நேரம் நெஞ்சுக்கு மேல இருக்கற மாதிரி கால உயர்த்தி வச்சுப் படுக்கணும். அப்பத்தான் புண்ணு ஆறும்."

லேசரின் பயன்கள் என்று ஒரு கேள்வி பரீட்சையில் அடிக்கடி வரும். தொழிற்சாலையில் உலோகம் வெட்ட, தூரம் அளக்க, மருத்துவத்தில் ரத்தமில்லா அறுவைச் சிகிச்சைக்கு என்று பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரத்தமில்லா அறுவைச் சிகிச்சை என்ற சொற்களை எத்தனை முறை உச்சரித்தேனோ தெரியாது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பதை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உணர்ந்தேன்.

வராந்தாவில் என் பக்கத்தில் சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பிக்கு மூத்திரப் பாதையில் கல். சிறுநீர் போகிற வழியிலேயே ஒரு குழாயை விட்டு, அதற்குள் மயிரிழை போல ஒன்றை அனுப்பி, கல்லை உள்ளேயே பொடியாக்கிவிட்டார்களாம். "வயித்தக் கிழிக்கல சார். ஒரு தையலு இல்ல. நம்ம ஊரு தண்ணி கல்ல உண்டாக்குது, இவுக வெளிச்சத்த வச்சு ஒடைக்கிறாக" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். கண்ணுக்கு லேசர் வைக்கும்போது கருவிழியைத் துளைக்காமலே ஒளி உள்ளே புகுந்து விழித்திரையில் வேலை செய்கிறது. கல்லில் பட்டால் உடைக்கிறது. சிரையின் சுவரில் பட்டால் சுட்டுச் சுருங்க வைக்கிறது. எந்த அலைநீளத்தை எந்தப் பொருள் உறிஞ்சும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் டாக்டரம்மாவிடம் ஒரு சமயம், "மாணிக்கக் கல் லேசரா?" என்று கேட்டேன். "அது உங்க காலத்துப் புத்தகம் சார். இப்ப டயோடு. இத்தனூண்டுதான். சிரைச் சுவர்ல இருக்கற தண்ணி எந்த ஒளிய நல்லா உறிஞ்சுமோ அதப் பாத்து வச்சிருக்கோம்" என்றார். எனக்கு அவரிடம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்க வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன் என்ற நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

லேசர் வைக்கிற அன்று காலையில் அவளை நிற்க வைத்துத் தொடையிலிருந்து முழங்கால்வரை பேனாவால் கோடு போட்டார்கள். உள்ளே போகும்போது கண்ணுக்கு ஒரு பெரிய நிறக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். லேசர் ஒளி தவறிக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக உள்ளே இருக்கும் எல்லோருக்கும் அது உண்டு. கதவருகே திரும்பி, "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். நர்ஸ்தான், "சினிமாவுல நடிக்கப் போற மாதிரி இருக்கீங்கம்மா" என்றாள்.

கதவின் கண்ணாடியைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். எச்சரிக்கைப் பலகையின் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு கருவி விட்டுவிட்டுக் கீச்சிடுவது மட்டும் கேட்டது. உள்ளே நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"முழங்காலுகிட்ட ஒரு ஊசி. அப்புறம் தொடை நெடுக மரத்துப்போற மருந்து, சில்லுனு தண்ணி ஏறுற மாதிரி இருந்துச்சு. அதுதான் செத்த நேரம் வலிச்சது. அப்புறம் ஒண்ணும் தெரியல. டாக்டரம்மா பேசிக்கிட்டே இருந்தாக, எங்க ஊருல என்ன பூவு போட்டிருக்காகன்னு. பேசிக்கிட்டே கம்பிய மெதுவா இழுக்குறாக. அந்த மெசினு கீ கீனு கத்துது. வாயில ஒரு கருகுன வாசம் வந்துச்சு. கேட்டேன், 'ஆமாம்மா, அப்படித்தான் வரும்'னாக. முடிஞ்சுதுன்னுட்டாக. எந்திரிச்சு நடங்கன்னுட்டாக."

உண்மையிலேயே நடந்து வந்தாள். சேலைக்குள் இறுக்கமான உறை, உள்ளே ஒரு தையல் கூட இல்லாத ஒரு ஊசித் துளை. ரத்தமில்லா அறுவைச் சிகிச்சை முடிந்து என் மனைவி என்னைத் தாண்டி நடந்து போய், வராந்தாவின் கடைசியில் திரும்பி, மறுபடியும் என்னைத் தாண்டி நடந்தாள்.

அன்று என் மனம் லேசாகிவிட்டது. இனிப் புண் ஆறிவிடும், நான் சொன்ன பொய்யும் அதோடு மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஆறவில்லை.

கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா அளந்து பார்ப்பார். தொடக்கத்தில் கொஞ்சம் குறைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஸ்கேன் செய்து பார்த்தார். லேசர் வைத்த சிரை நன்றாக மூடியிருந்தது. அதில் குறை இல்லை. விரலால் முன்காலை அழுத்தினார். குழி விழுந்தது.

"வீக்கம் அப்படியே இருக்கேம்மா. கால உயர்த்தி வைக்கிறீங்களா, இல்லையா?"

"வைக்கிறேங்கம்மா."

"எவ்வளவு நேரம்?"

அவள் உறையை எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தோம். வடக்கே தலை வைக்கக் கூடாது. மேற்குச் சுவரில் சாமி படங்கள், அந்தப் பக்கம் கால் நீட்டக் கூடாது. தெற்கே தலை வைக்க பீரோ இடிக்கிறது. மிச்சம் இருந்தது மேற்கே தலை, கிழக்கே கால். கிழக்கே வாசலை ஒட்டி என் நாற்காலி. இரண்டு தலையணைமேல் அவள் காலை வைத்தால் அவள் பாதம் நேராக என் முகத்துக்கு. நான் தெருவிலிருந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கால் கீழே இறங்கிவிடும். நான் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நான் நாள் முழுதும் வீட்டில் இருக்கும் மனிதன்.

நாற்காலியை எடுத்து முற்றத்தில் போட்டேன். நான் உள்ளே தண்ணீர் குடிக்க வந்தாலும் கால் இறங்கியது.

"எதுக்கு எறக்குறே? அப்படியே வை."

"நீங்க எதுத்தாப்புல வரும்போது எப்படிங்க கால நீட்டிக்கிட்டுக் கெடக்குறது?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரம்மாவுக்கு என்ன, சொல்லுவாக. நீங்க அந்தப் பக்கம் போங்க, நான் வச்சுக்கிறேன்."

"நான் சொல்றேன், வை" என்று அதட்டினேன். வைத்தாள். ஆனால் பாதத்தைச் சேலையால் மூடி, ஒரு பக்கமாக ஒருக்களித்து, உடம்பு முழுவதும் விறைத்துக்கொண்டு கிடந்தாள். நான் திரும்பியதும் இறக்கிவிட்டாள். அவள் இத்தனை வருசம் நின்றது நான் சொல்லி இல்லை; அதனால் நான் சொல்லி நீட்டவும் அவளால் முடியவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவின் முகம் கடுமையாக இருந்தது. இப்படியே இருந்தால் தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், அதற்கும் கால் மேலே இருந்தால்தான் பிடிக்கும் என்றார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்திருந்தாள். நான் முற்றத்திலிருந்து வந்தேன். தலையணைமேல் இருந்த கால் இறங்கத் தொடங்கியது. நான் கட்டிலுக்குக் கிழக்கே, அவள் காலடியில், தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஐயையோ, என்ன இது, எந்திரிங்க."

"நான் ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் கால எறக்கணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு."

சொன்னேன். முதல் மருத்துவர் சொன்னது, நான் வெளியே வந்து சொன்னது, பரீட்சை, டீ, சோறு, பாய் வந்த அன்று சொன்ன இரண்டாவது பொய். சுற்றி வளைக்கவில்லை. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று தெரியும். அதனால் அடக்கிக்கொண்டேன். யாருக்கு மரியாதை என்று நினைத்துக் காலை இறக்குகிறாளோ, அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்குத் தோன்றிய வைத்தியம் அது ஒன்றுதான்.

அவள் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டு வருசம். அந்தக் காலோட அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் டீ போட்டுக் குடுத்தேன்."

"ஆமா."

"ராத்திரியில தெனவெடுத்துச் சொறியும்போது, 'சொறியாத, புண்ணாயிரும்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவீங்க."

"ஆமா."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகு பல நாள் பேசவில்லை. ஆனால் கால் தலையணைமேலேயே இருந்தது. நான் உள்ளே வந்தேன், இருந்தது. எதிரே நின்று சட்டைப் பொத்தானைப் போட்டேன், இருந்தது. மூன்றாவதாக ஒரு தலையணையை அவளே கேட்காமல் எடுத்து அடியில் செருகிக்கொண்டாள். பாதம் நேராக என்னைப் பார்த்தபடி, சேலை மூடாமல், கோபத்தோடு உயர்ந்து நின்றது. அந்தக் கோபத்துக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன்.

சமையல் எனக்குப் பழக்கமில்லை. சோறு குழையும், அல்லது வேகாமல் பருக்கை பருக்கையாக நிற்கும். அவள் முதலில் பேசிய பேச்சே அதைப் பற்றித்தான்.

"வெஞ்சனம் என்ன?"

"ஊறுகா இருக்கு."

"ஊறுகாயும் நான் போட்டதுதான்" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு, "வெங்காயத்த வதக்குனப்பறம் தக்காளி போடணும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா வேகாத வாசம்தான் வரும்" என்றாள். கட்டிலில் படுத்தபடி அங்கிருந்தே சமைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நின்றுகொண்டே நானும் கேட்டுக்கொண்டேன். மேடைக்குப் பக்கத்தில் உட்கார இடமில்லை என்பதை அந்த வாரத்தில் என் முட்டி எனக்குச் சொன்னது.

ஒரு நாள் காலையில் சொன்னாள். "அண்ணன் வருது. நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்."

அவளுடைய அண்ணன் சாணார்பட்டிப் பக்கம் மல்லிகையும் கத்தரியும் போட்டிருக்கிறார். பூவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, ஒரு பையில் கத்தரிக்காயோடு வந்தார். தங்கை காலை உயர்த்தி வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார். அவள் எழவில்லை. "வாண்ணே, உக்காரு" என்று படுத்தபடியே சொன்னாள்.

மச்சானை முற்றத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். மனைவியிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. எங்கள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர், அப்பா இல்லாத பெண்ணுக்கு அவர்தான் அப்பா. கேட்டு முடித்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, குடிக்கத் தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தேன். முழுச் சொம்பையும் குடித்தார்.

"உங்கள வையணும். வைய வாய் வரல" என்றார். "எங்க வீட்டுலயும் அதே கறுப்புதான் மாப்ள. எம் பொண்டாட்டி காலும் இப்படித்தான் இருக்கு. இன்னும் புண்ணாகல. பூ எடுத்துட்டு வந்து கடுக்குது கடுக்குதுங்கிறா. பூவு முடியட்டும், ஆசுபத்திரிக்குப் போவோம், பூவு முடியட்டும்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்." என்னைப் பார்த்தார். "மல்லி என்னைக்கு மாப்ள முடிஞ்சிருக்கு?"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அடுத்த வாரம் டாக்டரம்மா வாராக. மதினியக் கூட்டிட்டு வாண்ணே. பூவ நீ எடு."

அதன் பிறகு புண் சுருங்கத் தொடங்கியது. விளிம்பிலிருந்து உள்நோக்கி, வெங்காயத் தோல் போல மெல்லிய ரோஸ் நிறத் தோல் வளர்ந்து வந்தது. ஒவ்வொரு வாரமும் டாக்டரம்மா தன் செல்லில் படம் எடுத்து அவளிடம் காட்டினார். ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது பஞ்சில் ஈரமே இல்லை. என் மனைவி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"தண்ணி படலாமாம்மா?"

"தாராளமா."

"எண்ணெ தேச்சுக் குளிக்கலாமா?"

"குளிங்க. உறைய மட்டும் விட்டுறாதீங்க."

வலது காலிலும் வால்வு கெட்டுவருகிறது, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். என் மனைவி, "அவரக் கேக்காதீங்கம்மா. பண்ணிருங்க" என்றாள். அதைக் கோபத்தில் சொல்லவில்லை. தன் காலைப் பற்றித் தானே முடிவு செய்கிறவள் சொல்வது போலச் சொன்னாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடக் கூடும். அப்படி வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

மதினிக்கும் அவளுக்கும் ஒரே நாளில் லேசர் வைத்தார்கள். மதினி முதலில் போனாள். திரும்பி வந்தபோது, "இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசம் பயந்தேன்?" என்று புருசனைப் பார்த்துக் கேட்டாள். மச்சான் தன் துண்டை மடித்து மடித்து விரித்தார்.

முடிந்த பிறகு அரை மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு பேரும் வராந்தாவில் நடந்தார்கள். நான் கைபிடிக்க எழுந்தேன். "நீங்க உக்காருங்க. நாங்கதான் நடக்கணும்" என்றாள் என் மனைவி. மச்சானும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். ஆஸ்பத்திரிச் சாம்பாரில் உப்பில்லை என்பதிலிருந்து மதினியின் மருமகளுடைய செல்போன்வரை பேசிக்கொண்டே நடந்தார்கள். நான்காவதோ ஐந்தாவதோ முறை போனவர்கள் திரும்பி வரவில்லை.

எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டிருந்தார்கள். எதிரே டீக்கடைக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, மதினி ஏதோ சொல்ல, என் மனைவி தலையை அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் டீயை நுரைக்க ஆற்றிக்கொண்டிருந்தார்.

மச்சான் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"வாங்க மாப்ள" என்றார். "விட்டா இவுக ரெண்டு பேரும் நம்மள விட்டுட்டு நடந்தே ஊருக்குப் போயிருவாக."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம்.